சோலையின் இடது பெருவிரல்

திருநகரில் வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு எந்த டைல்ஸ், வாசலுக்கு எந்த மரம் என்று ஆறு மாதம் யோசிப்பார்கள். வயரிங் என்று வந்தால் மட்டும் "பாயிண்டுக்கு எம்புட்டு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, குறைவாகச் சொன்னவனிடம் கொடுத்துவிடுவார்கள். சுவருக்குள் போகிற எதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபத்தாறு வருடத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

நீங்கள் ஒரு கைரேகையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். கண்ணுச்சாமி எலக்ட்ரிகல்ஸ் என்ற என் முத்திரை இருக்கும் ஒரு தாளில், செத்துப்போனவனின் பெருவிரல் ரேகை, அவன் செத்து ஐந்து மாதம் கழித்த தேதியில் எப்படி வந்தது என்கிறீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வரியை வைத்து என்னைத் தவறாக எடைபோடுவீர்கள். லைட் எரியவில்லை என்று கூப்பிட்டால் பல்பை மட்டும் மாற்றிவிட்டு வருகிறவன் இல்லை நான். மெயினிலிருந்து பார்த்துக்கொண்டு வருவேன். டீ ஆறுகிறது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

உங்களுக்குப் பின்னால் சுவரில் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் தொங்குகின்றன. பெரியது என் ஒப்பந்தக்காரர் லைசன்ஸ். பக்கத்தில் இருக்கும் சின்னது சோலையின் சூப்பர்வைசர் சர்டிபிகேட். ஒப்பந்தக்காரர் லைசன்ஸ் வேண்டுமென்றால், தேர்வு எழுதி சர்டிபிகேட் வாங்கிய சூப்பர்வைசர் ஒருவர் அந்தக் கடையில் வேலையில் இருக்க வேண்டும். ஒரு சூப்பர்வைசரை ஒரு கடையின் பெயரில்தான் காட்ட முடியும். அவர் விலகிவிட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு ஒருவரைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் லைசன்ஸ் இல்லை. அதாவது சின்னச் சட்டத்தைக் கழற்றினால் பெரிய சட்டம் தானாக விழுந்துவிடும்.

என்னிடம் அந்தச் சர்டிபிகேட் கிடையாது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தேன். மோட்டார் சத்தத்துக்கு நடுவே ஆறு வருடம். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு சூப்பர்வைசர் தேர்வு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் போய்விட்டது. சோலை ஒரே முறை எழுதினான். அதற்கு ஃபீஸ் கட்டியது நான்.

என்னை விட எட்டு வயது இளையவன் சோலை. திருப்பரங்குன்றத்தில் ரயில்வே லைனை ஒட்டி வீடு. அவன் அப்பா அம்மா எல்லாம் வயல்கூலி. அந்தக் குடும்பத்தில் அரசாங்க முத்திரை போட்ட காகிதம் ஒன்றில் பெயர் அச்சான முதல் ஆள் அவன்தான். சர்டிபிகேட் வந்த அன்று அதை வீட்டில் கூட வைக்காமல் நேராக இங்கே கொண்டுவந்து, "அண்ணே, இது இங்கதான் தொங்கணும்" என்றான். சட்டம் போட்டு ஆணி அடித்தது அவன் கைதான். அந்த வருடம்தான் எனக்கு லைசன்ஸ் கிடைத்தது.

இந்த லைசன்ஸுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பீர்கள். மதுரையைச் சுற்றி இன்றைக்கு வீட்டு வயரிங் செய்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு லைசன்ஸ் கிடையாது என்பது என் கணக்கு. நான் ஒரு ஆள் சம்பளத்துக்கு வேலை செய்தால், மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பையன்கள் அதில் பாதிக்குச் செய்கிறார்கள். செம்புக் கம்பி விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. கூலியைக் குறைக்காமல் அவர்களும் பிழைக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க, வயரிங் சரியாக இருக்கிறது, எர்த் சரியாக இருக்கிறது, சோதித்துவிட்டோம் என்று ஒரு ரிப்போர்ட் வேண்டும். அதில் ஒப்பந்தக்காரர் முத்திரையும் சூப்பர்வைசர் கையெழுத்தும் வேண்டும். அதனால் வேலையை அவர்கள் செய்வார்கள், தாளை நான் கொடுப்பேன். முதலில் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுத்தோம். பிறகு விலாசத்தைக் கேட்டுக் கொடுத்தோம். பிறகு விலாசமும் கேட்பதில்லை. முத்திரையும் கையெழுத்தும் போட்ட வெற்றுத் தாள்களைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்துவிடுவோம். தேதியும் வீடும் வாங்கிப்போகிறவன் எழுதிக்கொள்வான்.

இது தப்பு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் முன்பே தெரியும். இதற்காக நீங்கள் வரவில்லை.

சோலைக்கு இது பிடிக்காது. கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கத்தி மாதிரிப் பிடிப்பான். ஆனால் வேலையில் அவனைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு முறை இருந்தது. பெரிய பேனல் போர்டில் கை வைப்பதற்கு முன் மெயின் ஃபியூஸ்களைக் கழற்றி அவன் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்வான். ஜெனரேட்டர் உள்ள இடமென்றால் மாற்றுச் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். கைப்பிடி மேலே இருந்தால் மின்வாரியத்தின் மின்சாரம், கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. நான் அதை நடுவில் நிறுத்திப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். ஃபியூஸ் அவனிடம், சாவி என்னிடம். ஒருவனிடம் இரண்டும் இருக்கக் கூடாது என்பது அவன் போட்ட விதி. ஒன்பது வருடம் ஒருநாளும் மாறவில்லை.

மேலூரைத் தாண்டி கிரானைட் பாலீஷ் போடும் ஷெட் வைத்திருக்கிறார் அருள்பாண்டி. எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அவர் இதைப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னப்பா சோல, ஃபியூஸ சோத்துக்குத் தொட்டுக்குவியா?"

"ஊறுகா இல்லாத அன்னைக்கு மட்டும்ணே."

"அப்ப கண்ணுச்சாமி சாவியத் திங்கிறானா?"

"அவரு அசைவம்ணே. இரும்புதான் எறங்கும்."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். எங்களுக்குள் சண்டை, பகை ஒன்றும் இருந்ததில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாவது வருடம், சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். இதே கடையில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிறாதீங்க."

"சொல்லு."

"நானே லைசன்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். வீட்ல நாகஜோதியும் அதையே சொல்லிக்கிட்டிருக்கா. வீட்டு மேல வெக்கிற சோலார் வேல நெறைய வருதுல்ல, அதுக்கும் லைசன்ஸ் கேக்குறாய்ங்க. ஆறு மாசம் டயம் எடுத்துக்கங்க. வேற ஆளப் பாத்துட்டீங்கன்னா எம்பேர எடுத்துக்கிறலாம்."

"ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறது பிடிக்கலையா?"



"நான் பாக்காத வீட்ல பிள்ளைக தூங்குதுகண்ணே. அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

நல்லது என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் என்பது அவன் நேர்மையாகக் கொடுத்த அவகாசம்தான். நான் தேடிப் பார்த்தேன். சர்டிபிகேட் உள்ளவர்களைப் பெரிய கம்பெனிகள் பிடித்துவைத்திருக்கின்றன. வாடகைக்கு விடுகிற ஆட்கள் உண்டு. ஒரு வருடம் பெயரை வைப்பார்கள், புதுப்பிக்கிற நேரத்தில் கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்பார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள், போட்டாலும் வெளியே சொல்வார்கள். லைசன்ஸ் போய்விட்டால் நான் யார்? பாயிண்டுக்குக் கூலி பேசுகிற ஐம்பது வயது ஆள். ஏணி ஏறினால் முழங்கால் வலிக்கிறவன். இருபது வயதுப் பையனோடு போட்டி போட வேண்டும்.

ஒரு மாதம் யோசித்தேன். நைட் ஷிப்டில் பழகியது, யோசிப்பதற்கு எனக்கு அவசரம் கிடையாது. சோலை போகக் கூடாது. அது முதல் விஷயம். அவன் சாகவும் கூடாது. செத்தால் சர்டிபிகேட்டும் அவனோடு போய்விடும். அவன் உயிரோடு இருக்க வேண்டும், தனியாகத் தொழில் செய்ய முடியாதவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. அவன் சாவதை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனி மாதம் மேலூர்ப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்திய நாள். அந்த மாதிரி நாளில்தான் நாங்கள் பேனல் வேலை வைத்துக்கொள்வோம். அருள்பாண்டியின் பழைய ஷெட்டில் இணைப்புகளை இறுக்க வேண்டும். புது ஷெட்டில் ஜெனரேட்டரை வைத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கல் பாலீஷ் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. வாரியத்தில் மின்சாரம் இல்லை என்று தெரிந்தும் சோலை ஃபியூஸ்களைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டான். நான் சுவருக்கு அந்தப்புறம் இருந்த மாற்றுச் சுவிட்சை நடுவில் நிறுத்திப் பூட்டினேன். அவன் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன்.

பத்து நிமிடம் கழித்து, அவன் இரண்டு கைகளும் பேனலுக்குள் இருக்கும் நேரம் என்று கணக்கிட்டு, பூட்டைத் திறந்து கைப்பிடியைக் கீழே தள்ளினேன்.

சுவருக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. வெல்டிங் வைக்கிற மாதிரி, ஆனால் பெரியது. சத்தம் பெரிதாக இல்லை, மெஷின் சத்தத்தில் அடங்கிவிட்டது. கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பூட்டைத் திறந்தபடியே தொங்கவிட்டேன். பிறகு ஓடினேன். உண்மையிலேயே ஓடினேன். அவன் சட்டையில் பற்றிய தீயை என் கையால்தான் அணைத்தேன். இந்த உள்ளங்கைத் தழும்பு அதுதான்.

வலது கை மணிக்கட்டு வரை எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் போயிற்று, பெருவிரல் பிழைத்தது. முகம் பரவாயில்லை. கண் இரண்டும் போய்விட்டன. கண்ணை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக வருத்தப்பட்டேன்.

பூட்டைச் சரியாக அழுத்தாமல் விட்டது என் தவறு என்று எல்லார் முன்னாலும் அழுதேன். வெக்கை தாங்காமல் ஃபேனுக்காக எவனோ கைப்பிடியைத் தள்ளிவிட்டான் என்று சொன்னேன். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவன் அந்தச் சுவர் ஓரம் நின்றதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அருள்பாண்டி அவனை இரண்டு அறை அறைந்து அன்றைக்கே ரயில் ஏற்றிவிட்டார். அவன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அருள்பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணுச்சாமி, இது வெளிய தெரிஞ்சா என் ஷெட்ட இழுத்துப் பூட்டிருவாய்ங்க. பர்மிஷன் வாங்குன கரண்டு லோடு ஒண்ணு, ஓட்டுற லோடு ஒண்ணு. ஒனக்கும் லைசன்ஸ் போகும். வீட்ல கேஸ் அடுப்பு வெடிச்சதா இருக்கட்டும். செலவ நான் பாத்துக்கிறேன்."

அதை நாகஜோதியிடம் நான்தான் சொன்னேன். சூப்பர்வைசர் அவன்தானே, விபத்து என்று எழுதினால் பழி அவன் மேல்தான் விழும், சர்டிபிகேட்டை ரத்து செய்துவிடுவார்கள் என்றேன். அவள் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, "அந்தக் காயிதமாச்சும் மிஞ்சட்டும்ணே" என்றாள். அப்படித்தான் அது கேஸ் அடுப்பு ஆனது.

அதன் பிறகு நான் செய்ததைத் திருநகரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். சம்பளத்தை ஒரு மாதமும் நிறுத்தவில்லை. கடைக்குப் பின்னால் அறை கட்டி, கட்டில் போட்டு, கழிப்பறைக்குக் கயிறு கட்டிவிட்டேன். காலையில் ஆட்டோவில் கூட்டிவந்து, மாலையில் கொண்டுவிடுவேன். சூப்பர்வைசர் கடையில் இருக்கிறாரா என்று யாராவது பார்க்க வந்தால், இருக்கிறார். கை போனவர் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கலாமா என்று ஒரு எழுத்தர் கேட்டார். டாக்டர் சான்று கொடுத்தேன். கண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சோறு பிசைந்து ஊட்டியிருக்கிறேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று நாகஜோதியே தெருவில் சொல்லியிருக்கிறாள்.

சோலை அதிகம் பேசமாட்டான். தாளை வைத்து, விரலைப் பிடித்து, மையில் ஒற்றி வைப்பேன். என்ன தாள் என்று கேட்டதில்லை. கையெழுத்துப் போட யோசித்தவன், ரேகைக்கு விரலைத் தளர்த்திக் கொடுத்துவிடுவான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவன் பழையதை விட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

மூன்றாவது வருடம் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். வைத்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அந்த அட்டையை நாகஜோதி தினமும் காலையில் என் கையில் கொடுப்பாள். அவனால் அட்டையைப் பிரிக்க முடியாது. நான் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. சூப்பர்வைசர் இந்தக் கடையில்தான் தொடர்கிறார் என்று அவன் சம்மதம் வைக்க வேண்டும். ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, மூன்று மணி இருக்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறைக்குப் போய்க் கட்டிலில் தாளை வைத்தேன். விரலைப் பிடித்தேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"என்ன தாளுண்ணே?"

மூன்று வருடத்தில் முதல் முறை கேட்டான். ரெனியூவல் என்று சொன்னேன்.

"வேணாம்ணே. எம்பேர எடுத்துருங்க."

"எடுத்துட்டு? நீ எங்க போயி வேல பாப்ப?"

"வேல பாக்கவா கேட்டேன்? எடுத்துருங்கன்னேன்."

அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான். கண் இல்லாதவர்கள் சரியாக நம் முகத்துக்குத் திரும்புவது இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் பார்ப்பார்கள். அவன் என் சட்டைப்பையைப் பார்த்துப் பேசினான்.

"அன்னைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி பூட்ட இழுத்துப் பாத்தேன்ணே. நீங்க டீத்தண்ணி குடிக்கப் போனீங்க. எப்பவும் இழுக்க மாட்டேன். அன்னைக்கு என்னமோ தோணுச்சு, இழுத்தேன்."

"மறந்துருப்ப. வேற நாளா இருக்கும்."

"மூணு வருசமா படுத்துக்கிட்டு இழுத்து இழுத்துப் பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் பூட்டித்தான்ணே இருக்கு."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"சொன்னா சோறு யாரு போடுவா? திவ்யா காலேஜ முடிக்கட்டும்னு இருந்தேன்." திவ்யா அவன் மகள். "போன வாரம் வேலைக்குச் சேந்துட்டா. நாளைக்கு நாகஜோதியக் கூட்டிக்கிட்டுப் போறேன். என்ன எழுதணுமோ எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

சொல்லும்போது குரல் உயரவில்லை. ஆனால் மூச்சு வாங்கியது. நெற்றி வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் இடது கையால் நெஞ்சைத் தடவினான்.

"அண்ணே, மாத்திர."

சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முதலில் ரேகை வை, பிறகு மாத்திரை, பிறகு ஆட்டோ என்றுதான் சொன்னேன். சேர்த்து மூன்று நிமிட வேலை. மைப்பெட்டியைத் திறந்து அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் கையை நீட்டினான். ரேகைக்கு என்று நினைத்துப் பிடித்தேன். அவன் என் பையைத் தேடியிருக்கிறான். நான் பிடித்ததும் பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற இரண்டு விரலால் மூடிக்கொண்டான்.

"வைடா சோல. வம்பு பண்ணாத."

அவன் சிரித்தான். அல்லது வலியில் பல்லைக் கடித்தான், எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சாவி இப்பயும் ஒங்ககிட்டதான்ணே இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு பேசவில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நானாக அவனை எதுவும் செய்யவில்லை. அதன் பிறகு கையைத் தொடக்கூட இல்லை. மனதை மாற்றிக்கொள்ள அவனுக்கு நேரம் கொடுத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், முக்கால் மணி நேரம். வெளியே ஒருவன் வந்து பல்ப் ஹோல்டர் கேட்டான். போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவன் போய்ச் சேர்ந்திருந்தான்.

மூடிய விரலைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு விரல்தான் என்றாலும் கெட்டியாகப் பிடித்திருந்தான். ரெனியூவல் தாளில் ஒன்று வைத்தேன். பிறகு அலமாரியில் இருந்த வெற்று ரிப்போர்ட்டுகளை எடுத்தேன். முப்பத்தெட்டு இருந்தன. கட்டிலிலேயே அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக வைத்தேன். விரல் சூடாகத்தான் இருந்தது, மை நன்றாகப் பிடித்தது. முதல் இரண்டு கொஞ்சம் இழுபட்டுவிட்டன, மற்றவை தெளிவு. தேங்காய் எண்ணெய் போட்டு விரலைத் துடைத்தேன். மாத்திரை ஒன்றைப் பிரித்து நாக்குக்கு அடியில் வைத்தேன். பிறகு நாகஜோதிக்குப் போன் செய்தேன்.

செலவு முழுக்க நான்தான் செய்தேன். மூன்றாம் நாள் வரை அந்த வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. அவன் இறந்ததை லைசன்ஸ் ஆபீசுக்கு யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நாகஜோதிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மீதி உங்களுக்குத் தெரிந்தது. சோலை போன பிறகு நாகஜோதி வீட்டின் முன் அறையைத் தையல் கடையாக்கினாள். கடைக்குத் தனி மின் இணைப்பு கேட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லியிருந்தால் நானே செய்துகொடுத்திருப்பேன். இனியும் அண்ணனுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாளாம். பக்கத்துத் தெருவில் முத்துக்குமரன் என்று ஒரு பையன், லைசன்ஸ் இல்லாதவன், பாயிண்டுக்குப் பாதிக் கூலி வாங்கிக்கொண்டு வயரிங் போட்டான். ரிப்போர்ட் வேண்டுமே. என்னிடம் பத்துத் தாள் வாங்கிப்போனவனிடமிருந்து அவன் ஒன்று வாங்கியிருக்கிறான். தேதியும் வீடும் எழுதினான். பெயர்களை அவன் படிக்கவில்லை. யாரும் படிப்பதில்லை.

அவள் படித்தாள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது கூட இருந்த தாளையும் புரட்டியிருக்கிறாள். தன் வீட்டு எர்த் சரியாக இருக்கிறது என்று, செத்துப்போன புருஷன் ஐந்து மாதம் கழித்து ரேகை வைத்திருக்கிறான். பக்கவாட்டில் ஒரு வெட்டுக்கோடு உள்ள அந்த விரலை, மூன்று வருடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டவள் அவள். நேற்றுக் காலை கடைக்கு வந்தாள். கத்தவில்லை. அந்தத் தாளின் நகலை இந்த மேஜையில் வைத்து, "அண்ணே, இது எப்ப வச்சது?" என்று மட்டும் கேட்டாள். நான் டீ சொல்லட்டுமா என்றேன். அவள் சின்னச் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

அந்தத் தாள் அந்த வீட்டுக்குப் போகும் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்? விலாசம் கேட்டுக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. என்னுடைய தவறு என்றால் அது ஒன்றுதான். அலமாரியில் இன்னும் பதினொன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையும் இருக்கிறது. ஒன்றுதான் குறைந்திருக்கும்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஷட்டரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறேன். பழக்கம். இன்னும் ஒன்றையும் உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். லைசன்ஸ் எண்ணைச் சொல்கிறேன், எந்த ஆபீசில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இத்தனை வருடத்தில் என் லைசன்ஸ் மேல் ஒரு விபத்துகூடப் பதிவாகவில்லை.